சாவியைத் திருப்பியும் நிற்காத பென்ஸ்

மண்டகப்பட்டு குகைக் கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். வண்டி நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. நண்பர் சாவியைத் திருப்பி, உருவிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பானெட்டுக்குள் அது பாட்டுக்கு ‘டக டக’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள யாரோ இருக்காங்க போலக்குதே” என்றார்.

நண்பர் அசரவில்லை. பானெட்டைத் தூக்கினார். ‘ஸ்டாப்’ என்று எழுதிய சின்ன லீவர் ஒன்றை விரலால் அமுக்கினார். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. “ஒரு வாரமா இப்படித்தான். சாவிய மதிக்க மாட்டேங்குது” என்றார், குறும்பு செய்யும் பேரனைப் பற்றிச் சொல்வதுபோல.

வண்டி, 1982 மாடல் மெர்சிடஸ் பென்ஸ் 240 டி. ஏதோ ஒரு தூதரகத்தில் ஓடி, ஏலத்தில் விலைபோய், நாலைந்து கை மாறி, கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. இன்ஜின் சத்தம் ஓய்ந்ததும் பாறைப் பக்கம் நடந்தோம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து எடுத்த கோயில் இங்கே இருக்கிறது. முகப்பில் தூண்கள், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று கருவறைகள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு பெருமையைப் பேசுகிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்.

நண்பர் கோயிலையும் தன் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “ராஜா விவரமானவர். மரம் செல்லரிக்கும், இரும்பு துருப்பிடிக்கும்னு தெரிஞ்சு ரெண்டையும் ஒதுக்கிட்டார். நான் பாருங்க, துருப்பிடிக்கிறதையே தேடிப் போய் வாங்கியிருக்கேன்” என்றார்.

பழைய ஜெர்மன் கார் வளர்ப்பவர்களின் சுகதுக்கம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நெல் மூட்டை சுமந்த ஜெர்மனி

பென்ஸ் என்றால் பணக்கார வீட்டுச் சமாச்சாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், ஜெர்மன் இன்ஜின் நம் ஊர் ரோட்டில் நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் சுமக்கத் தொடங்கி 70 வருஷம் ஆகிவிட்டது. 1954ல் டாடாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்ஸோடு கைகோத்து ஜம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 1969 வரை அந்த லாரிகள் பென்ஸ் பெயரோடுதான் ஓடின. முகப்பில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருந்த காலத்தை ஜி.எஸ்.டி. ரோட்டுப் பழைய டிரைவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போனது. இன்ஜினின் ரத்தம் போகவில்லை. லாரிப் பட்டறைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் ‘697’ என்ற டாடா இன்ஜின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். பென்ஸின் ஓ.எம். 352 இன்ஜினுக்கும் அதே 6, அதே 97.

‘டெம்போ’ என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். ஹாம்பர்க் நகரத்து விடால் குடும்பத்தின் தொழிற்சாலை செய்த வண்டியின் பெயர் அது. 1958ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் அந்த மூன்று சக்கர வண்டியை இங்கே கொண்டுவந்தது. கம்பெனிப் பெயர் பொதுப்பெயர் ஆனது. இன்று எந்தக் கம்பெனி வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றினாலும் “டெம்போ பிடிச்சு அனுப்பிட்டேன்” என்கிறோம்.

பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே பஜாஜ் டெம்போ இன்னொரு உபகாரமும் செய்தது. பென்ஸின் ஓ.எம். 616 என்ற 2.4 லிட்டர் டீசல் இன்ஜினை இங்கேயே தயாரித்து, டெம்போ டிராவலரிலும் டிராக்ஸிலும் வைத்தது. நண்பரின் 240 டி காருக்குள் இருப்பதும் அதே ஓ.எம். 616தான். திருப்பதி யாத்திரைக்கும் கல்யாணத்துக்கும் ஊரையே ஏற்றிக்கொண்டு போன டிராக்ஸும், ஸ்டுட்கார்ட் சீமான்கள் ஏறிய காரும் இன்ஜின் வகையில் பங்காளிகள். அதனால் ரிங், பேரிங், கேஸ்கெட், ஃபில்டர் என்று பல சாமான்களுக்கு ஜெர்மனிக்கு எழுத வேண்டியதில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் ஆகிவிடும். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பொருந்திவிடாது. அளந்து, ஒப்பிட்டுத்தான் போட வேண்டும்.

நண்பரின் கார் 123 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் சுமார் பத்து வருஷத்தில் 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். இதன் முந்தைய வரிசையில் வந்த ஒரு 240 டி, கிரேக்க நாட்டில் டாக்ஸியாக 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004ல் பென்ஸ் அருங்காட்சியகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பூமிக்கும் நிலாவுக்கும் ஆறு முறை போய் வரும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. இரும்பு தானாக அவ்வளவு தூரம் போவதில்லை. அந்த டாக்ஸிக்காரர் விடாமல் பார்த்துக்கொண்டார், அது ஓடியது.

ஓட்டை ஓட்டைதானே சார்

மண்டகப்பட்டிலிருந்து திரும்பியதும் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில் பென்ஸ் போய் நின்றது. பட்டறைக்காரரை ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

“இன்னா சார், ஆஃப் ஆவலியா?”

“சாவிய எடுத்தாலும் ஓடுது பாய்.”

“டீசல் வண்டி சார். டீசல நிறுத்துனாத்தான் நிக்கும்.”

விஷயம் அதுதான். பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் அறுந்து, தீப்பொறி நின்று, இன்ஜின் அடங்கும். பழைய டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறியே கிடையாது. பம்ப் டீசல் கொடுக்கும்வரை அது ஓடும். அதனால் பென்ஸ்காரர்கள் ஒரு வழி செய்தார்கள். இன்ஜின் முன்னால் ஒரு வேக்குவம் பம்ப். அதிலிருந்து மெல்லிய குழாய்கள். சாவியைத் திருப்பினால் வேக்குவம் போய், டீசல் பம்பின் பின்னால் இருக்கும் ஒரு டயாபிரத்தை இழுக்கும், டீசல் அடைபடும். அதே வேக்குவத்தைக் கொண்டு பிரேக்குக்குப் பலம் கொடுத்தார்கள். நாலு கதவு, டிக்கி, டீசல் மூடி எல்லாவற்றுக்கும் ஒரே சாவியில் பூட்டுப் போட்டதும் அதே வேக்குவத்தால்தான். ஒரே ஏரித் தண்ணீரை ஊரெல்லாம் வாய்க்கால் போட்டுப் பாய்ச்சிய மாதிரி. எங்கோ ஒரு மடை உடைந்தால் கடைமடை காயும்.

பாய் லாரி ஏர் பிரேக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். குழாய்களை ஒருமுறை தடவிப் பார்த்தார். சென்னையின் உப்புக்காற்றும் திண்டிவனத்து வெயிலும் தின்ற ரப்பர் முனைகள் பனங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தன. நான் சும்மா இருக்காமல், “லாரி மாதிரி சோப்புத் தண்ணி போட்டுப் பார்க்கலாமே” என்றேன்.

சிரித்தார். “லாரியில காத்து வெளிய போவும், நுரை காட்டிக் குடுத்துரும். இதுல காத்து உள்ள போவுது, நுரை எங்க வரும்? ஆனா ஓட்டை ஓட்டைதானே சார்.”

ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் குழாய், நிற்கவில்லை. இரண்டாவது, நிற்கவில்லை. கதவுப் பூட்டுக்குப் போகும் கிளையை அடைத்ததும் இன்ஜின் சட்டென்று அடங்கியது. பட்டறைப் பையன் கைதட்டினான். துருப்பிடித்த டப்பா ஒன்றைக் கிளறி, அளவான ஒரு போல்ட்டை எடுத்துக் குழாய்க்குள் சொருகினார் பாய். பின்பக்க இடது கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால், பூட்டுக்குள் இருந்த டயாபிரம் நடுவில் கிழிந்திருந்தது. பின் கதவில் ரப்பர் கிழிந்ததால் முன்னால் இன்ஜின் நிற்கவில்லை.

“புது டயாபிரம் வர்ற வரைக்கும் இந்த போல்ட்டு இருக்கட்டும். கதவ மட்டும் கையால பூட்டிக்குங்க. வந்ததும் போல்ட்டத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார். போல்ட்டுக்குக் காசு கேட்கவில்லை. போல்ட்டைத்தான் கேட்டார்.

கார் வரலாற்றிலேயே முதல் நெடும்பயணமும் இப்படி வழியோர ரிப்பேரோடுதான் நடந்தது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29. வண்டி தயார், வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எரிபொருள் தீர, மருந்துக்கடையில் கரைப்பான் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். அந்தத் தொழிலாளியின் பெயர் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அந்த 1886 வண்டியின் மாதிரியைக் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் சேர்த்துக் காத்துவரும் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

மரக்காணத்து உப்பு

இன்ஜினுக்கு மருந்து உண்டு. உடம்புக்கு வரும் நோய்தான் பயங்கரம். இரும்போடு தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் அது நாலு கால் பாய்ச்சல். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி ஈ.சி.ஆரில் ஒருநாள் உல்லாசமாக ஓட்டிவிட்டு வந்து கழுவாமல் நிறுத்தினால், அந்த உப்பு மடிப்புகளுக்குள் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்க்கும்.

துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் உள்ளே அரிக்கத் தொடங்கியதும் மேலே பெயின்ட் கொப்பளிக்கிறது. சின்னக் கொப்புளம் என்று விட்டுவிடுவார்கள். சுரண்டினால் ஸ்பானரே உள்ளே போகும். 123 காரில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள், ஜாக்கி போடும் துளைகளைச் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் கண்ணாடியின் அடியோரம். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியில் புளிய இலையும் வேப்பஞ்சருகும் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். மரத்தடி நிழலில் நிறுத்தினோம் என்று நாம் பெருமைப்பட்டால், மரம் தன் வாடகையை இப்படி வசூல் செய்துவிடுகிறது.

டிங்கரிங் வேலையில் இரண்டு வகை. ஓட்டையின் மேல் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரே வாரத்தில் கார் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். அடுத்த ஐப்பசி அடைமழையில் சாயம் வெளுக்கும். நல்ல டிங்கர் முதலில் வெட்டுவார். அழுகல் முழுவதும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டி, 20 கேஜ் தகட்டில் அதே வளைவை அடித்து எடுத்து, விளிம்போடு விளிம்பு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பார். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளமாக நெளியும். ஒரு புள்ளி இங்கே, அது ஆறுவதற்குள் அடுத்த புள்ளி அங்கே. ஒரு ஜாண் நீளத்துக்கு அரை நாள் ஆகும். முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் செய்வதற்குத்தான் கூலி.

நம்பர் 3 சிலிண்டர்

பென்ஸுக்கு அடுத்தபடி இங்கே பாசத்தோடு வளர்க்கப்படும் ஜெர்மன் பிள்ளை, வண்டு மாதிரி இருக்கும் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது. 2003 ஜூலை 30ல் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி இறங்கியபோது கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. பின்னால் இருக்கும் இன்ஜினைக் காற்றே குளிர்விக்கும். ஆரம்பக் காலப் பீட்டில்களில் பெட்ரோல் முள்கூடக் கிடையாது. வண்டி விக்கினால் காலால் ஒரு குழாயைத் திருப்பி, ரிசர்வுக்குப் போக வேண்டும், நம் பழைய மோட்டார் பைக் மாதிரி. பின்னாளில் வந்த மாடல்களில் கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்ச மோட்டார் வைக்காமல், ஸ்டெப்னி டயரின் காற்றையே அதற்கு இணைத்துவிட்டார்கள். இப்படி எதையும் வீணாக்காத புத்தி நம் ஊர் மெக்கானிக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

பிடிபடாத இடமும் உண்டு. பழைய பீட்டிலில் ஆயில் கூலர் இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் மூன்றாம் நம்பர் சிலிண்டருக்குக் காற்று போக வேண்டும். மற்ற மூன்றைவிட அது சூடாகவே ஓடும். கத்திரி வெயிலில் சென்னை டிராஃபிக்கில் மாட்டினால் முதலில் வேதனைப்படுவது அதுதான். இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளையும் ரப்பர் விளிம்புகளையும் ‘இது எதுக்கு, வெறும் தகரம்’ என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அந்தத் தகரம்தான் காற்றை வழிநடத்துகிறது. அது போனால், பின்னால் போக வேண்டிய சூட்டுக் காற்றையே இன்ஜின் மறுபடி மூச்சிழுக்கும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களின் இப்போதைய கவலை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டர் கேஸ்கெட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். பீட்டிலில் பெட்ரோல் குழாய் சூடான இன்ஜின் மேலேயே போவதால் கசிவு என்பது தீ என்றே அர்த்தம். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டி, டாங்கில் பெட்ரோலைப் பழசாக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. நிறுத்தியே வைத்திருக்கும் கார், ஓடும் காரைவிடச் சீக்கிரம் கெடும்.

வாங்கும் முன் ஐந்து விஷயம்

1. முதலில் ஆர்.சி. புத்தகம், பிறகு கார். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் தாளில் உள்ளபடியே இரும்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி.
3. பழைய டீசல் பென்ஸைக் காலையில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 1980க்கு முந்தைய 240 டியில் ஹீட்டர் பிளக் நாலும் திருவிழா சீரியல் பல்பு மாதிரி. ஒன்று போனால் நாலும் வேலை செய்யாது. சின்னச் செலவுதான், பயம் வேண்டாம்.
4. இன்ஜினைவிட அரிதானவை கண்ணாடி ஓர ரப்பர், விளக்கு, குரோம் பட்டை, மீட்டர். இவை முழுசாக இருக்கும் வண்டியே லாபம்.
5. காரின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அதைப் பார்க்கத் தெரிந்த கை உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஐம்பதில் ஒரு மரியாதை

ஜெர்மனியில் 30 வயதான கார் நல்ல நிலையில் இருந்தால், நம்பருக்குக் கடைசியில் ‘எச்’ எழுத்துப் போட்ட தனி பிளேட் கொடுக்கிறார்கள். 1997 முதல் இந்த வழக்கம். நம் நாட்டில் 2021 ஜூலையில் விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத, வாடகைக்கு ஓடாத வண்டி, ‘விண்டேஜ்’ ஆகும். நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம். காய்கறி வாங்கவும் ஆபீஸ் போகவும் அதை எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் நடத்தும் அணிவகுப்புகளில் இத்தகைய வண்டிகளைப் பார்க்கலாம்.

1982 மாடலுக்கு அந்த மரியாதை கிடைக்க 2032 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய கார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்ட வேண்டும். நண்பர் அதைப் பற்றிக் குறைப்படவில்லை. அவருடைய பயம் வேறு.

“பாய்க்கு அப்புறம் யாரு?” என்றார்.

பட்டறைப் பையன் கெட்டிக்காரன்தான். புது வண்டி வந்தால் ஸ்கேனரைச் சொருகி, எந்த சென்சார் போயிற்று என்று திரையில் பார்த்துச் சொல்லிவிடுகிறான். 240 டியில் ஸ்கேனர் சொருக இடமே இல்லை. இன்டேக் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். ஃபீலர் கேஜைச் செருகி இழுக்கும்போது ‘வெண்ணெயில கத்தி போற மாதிரி போகக் கூடாது, மண்ணுல போற மாதிரியும் போகக் கூடாது’ என்கிறார் பாய். ஃபெல்பாக்கில் இருக்கும் பென்ஸ் கிளாசிக் மையத்துக்கு எழுதினால் டயாபிரம் வரும். அந்த நடுவாந்திர இழுப்பு பார்சலில் வராது. அது பாயின் விரலிலிருந்து பையனின் விரலுக்கு நேராகத்தான் போக வேண்டும். அதற்காகவே நண்பர் ஒவ்வொரு முறையும் வால்வு வேலையைப் பையனையே செய்யச் சொல்கிறார். இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்தபடி திட்டுகிறார்.

டயாபிரம் வந்து, கதவுக்குள் ஏறியது. மறுபடி ஒருநாள் மண்டகப்பட்டுக்குப் போனோம். நண்பர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

குகைக்குள் போய்த் தூணில் கை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு உளி கொத்திய நெருடல் தட்டுப்பட்டது. போன முறை தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. கோயிலில் உலோகம் இல்லை என்கிறது கல்வெட்டு. உலோகம் இல்லாமல் இந்தக் கோயில் ஏது? இவ்வளவு கருங்கல்லையும் குடைந்தது இரும்பு உளி. கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, பதம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு கொல்லர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றாடம், பல வருஷம். ராஜாவின் பட்டப்பெயர் கல்லில் இருக்கிறது. கொல்லரின் பெயர் இல்லை.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் பட்டறை முன்னால் நின்றோம். நண்பர் டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். பாய் வாங்கி, துணியில் துடைத்து, மரையை ஒருமுறை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, டப்பாவில் போட்டார்.